வெளியில தெரியற பக்கம்

உங்க கம்ப்யூட்டர்ல மணி ஏழு நிமிஷம் பின்னாடி ஓடுது சார். முதல்ல அதைச் சரி பண்ணிக்கோங்க, இல்லேன்னா வாக்குமூலத்துல நேரம் தப்பா விழுந்துடும். பதினோரு வருஷம் இதே வேலை பார்த்தவன், கண்ணுல பட்டா சொல்லாம இருக்க முடியல.

ஆஸ்பத்திரி வெப்சைட்டைப் பார்த்துக்கிட்டது நான். டாக்டருங்க வர்ற நேரம், வார்டு போன் நம்பர், எந்த மருந்து எந்த எடைக்கு எவ்வளவு, எல்லாம் அதுல இருக்கும். பக்கங்களை எழுதறதும் மாத்தறதும் எடிட்டர். சேர்ந்த முதல் நாளே என்னை மச்சான்னு கூப்பிட்டார், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிட்டேன். ரெண்டு பேரும் ஒரே மேஜையிலதான் சாப்பிடுவோம். அவர் டப்பாவுல பாதி எனக்கு, என் டப்பாவுல பாதி அவருக்கு. அவர் மனைவிக்குப் பிரசவத்துல ரத்தம் தேவைப்பட்டப்போ குடுத்தது நான்தான். இதையும் எழுதிக்கோங்க.

எங்க சர்வர் கிழட்டு மாடு மாதிரி. நூறு பேர் ஒரே நேரத்துல வந்தா படுத்துடும். அதனால நான் கேச் போட்டிருந்தேன். அதாவது, ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு காப்பி எடுத்து வச்சுக்கிட்டு, வெளியில இருந்து பார்க்கறவங்களுக்கெல்லாம் அந்தக் காப்பியையே காட்டறது. பாஸ்வேர்டு போட்டு உள்ளே வர்ற எங்க ஆளுங்களுக்கு மட்டும்தான் அசல் தெரியும். அசலை மாத்தினா பழைய காப்பியை நான் அழிக்கணும், அதுக்கு ஒரு பட்டன் உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் அழிக்கற வசதியெல்லாம் இல்ல. அழுத்தினா மொத்தமும் போய், எல்லாப் பக்கமும் புதுசா வரும்.

மச்சான் எதையாவது மாத்திட்டு, தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து "ஒரு தட்டு தட்டிடு"ன்னு குரல் குடுப்பார். நான் தட்டிட்டு "ஆச்சு"ம்பேன். வெளியாள் மாதிரி திறந்து சரிபார்க்கற பழக்கம் யாருக்கும் இல்ல. நான் ஆச்சுன்னா போதும்.

ஒரு திங்கட்கிழமை காலையில 'எங்கள் குழு' பக்கத்தைத் திறந்தேன். ஒரு டாக்டரோட போட்டோ கோணலா தெரியுதுன்னு புகார் வந்திருந்தது. போட்டோ நேராத்தான் இருந்தது. என்னைத்தான் காணோம். பேரும் இல்ல, படமும் இல்ல, என் இடத்துல ஏதோ ஒரு கம்பெனி பேர். போனை எடுத்து பாஸ்வேர்டு போடாம வெளியாளா பார்த்தேன். அங்கே நான் நீலச் சட்டையில சிரிச்சுக்கிட்டு இருந்தேன். யார் மாத்தினாங்கங்கறது எங்ககிட்ட பதிவாகும். மச்சான்தான், முந்தின வெள்ளிக்கிழமை மூணு மணி பத்து நிமிஷம். அன்னைக்கு ஒண்ணரைக்கு நாங்க சேர்ந்து சாப்பிட்டிருந்தோம்.

பதினோரு வருஷத்துல அவர் 'தட்டிடு'ன்னு சொல்லாத ஒரே மாற்றம் அதுதான் சார். வேற ஏதாவது வேலைக்கு நான் தட்டும்போது அதுவும் தானா வெளியே வந்துடும்னு விட்டுட்டார். என் கையாலேயே என்னை அழிக்க வைக்கப் பார்த்திருக்கார்.

என் வேலையை அந்தக் கம்பெனிக்குக் குடுத்துட்டாங்கன்னு புரிஞ்சுது. வேலை போறது மேலிடத்து முடிவு, அதுக்கு அவர் என்ன பண்ணுவார், பாவம். ஆனா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்னைக்கு மத்தியானம் எதிர்ல உக்காந்து, வாய் கூசாம, "என்ன மச்சான், முகம் வாடியிருக்கு?"ன்னு கேட்டார். தலைவலின்னேன். பையைத் துழாவி ஒரு மாத்திரை எடுத்துக் குடுத்தார். அதை நான் இன்னும் வச்சிருக்கேன்.

அதுக்கப்புறம் நான் பட்டனை அழுத்தல. அழுத்தினா வெளியிலயும் போயிடுவேன் இல்லையா. பார்க்கிங் நேரம் மாறிச்சு, ஆச்சுன்னேன். கண் டாக்டர் வர்ற நாள் மாறிச்சு, ஆச்சுன்னேன். பழைய நேரமே தெரியுதேன்னு ரெண்டு மூணு பேர் போன் பண்ணாங்க. உங்க பிரவுசர்ல ஹிஸ்டரியை அழிச்சுட்டுப் பாருங்கன்னு சொன்னேன். எங்க தொழில்ல அதைச் சொல்லிட்டா மேற்கொண்டு யாரும் கேட்க மாட்டாங்க, தப்பு தங்களோடதுதான்னு நினைச்சுப்பாங்க.

பத்தாவது நாள் மருந்தகத்து மேடம் வந்தாங்க. குழந்தைங்களுக்கான காய்ச்சல் சிரப் புது பாட்டில்ல வந்திருக்கு, பழசைவிட ரெண்டு மடங்கு வீரியம், அளவைப் பாதியாக்கணும்னாங்க. எங்க ஆஸ்பத்திரியில பாட்டில் மேல அளவு எழுதித் தர்றதில்ல. எடைக்குத் தகுந்த மாதிரி மாறும்கறதால, வெப்சைட்டுக்குப் போய்ப் பார்க்கச் சொல்லி ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் குடுப்பாங்க. மச்சான் அஞ்சு மில்லியை ரெண்டரையாக்கினார். மேடமும் தன்னோட பாஸ்வேர்டுல பார்த்தாங்க, ரெண்டரைன்னுதான் இருந்தது. இதெல்லாம் எனக்குக் காதுல விழுந்தது, மனசுல ஏறல. அப்போ என் நிலைமை அப்படி.

"தட்டிட்டியா மச்சான்?"

"ஆச்சு மச்சான்."

குழந்தைங்க விஷயம், இன்னொரு தடவை பார்த்துடுங்களேன்னு மேடம் இழுத்தாங்க. மச்சான் சிரிச்சார். "அவன் ஆச்சுன்னா ஆச்சு மேடம்."

என் பேரைத் தூக்கினதுக்கப்புறம் எனக்குக் கிடைச்ச சர்டிபிகேட் சார் அது. அதைக் கேட்டப்போதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. இவ்வளவு நம்பிக்கை வச்சிருந்தவர் எதுக்குக் கூட இருந்தே குழி பறிக்கணும்? எப்படியும் ரெண்டு நாள்ல பழைய அளவு தெரியுதுன்னு யாராவது கண்டுபிடிப்பாங்க, அவர் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிப்பார், நான் இல்லாம நடக்காதுன்னு எல்லாருக்கும் புரியும், அப்போ தட்டிக்கலாம்னு இருந்தேன். ஆறு நாள் யாருமே கண்டுபிடிக்கல.

மூணு குழந்தைங்க ஈரல் கெட்டு வந்து படுத்தாங்க. ரெண்டு பேர் வீட்டுக்குப் போயிட்டாங்க. நாலு வயசுப் பொண்ணு போகல. அவ அம்மா போன்ல அலாரம் வச்சு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு சொட்டுகூடக் குறையாம அஞ்சு மில்லி குடுத்திருக்காங்க. வார்டுல அந்தப் பக்கத்தைத் திறந்து, நீங்க எழுதினதைத்தானே குடுத்தேன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் நீட்டினாங்களாம். எங்க ரூமுக்கு வந்தப்போ மச்சான் தன்னோட கம்ப்யூட்டரைத் திருப்பி, ரெண்டரைன்னுதான் இருக்கு, பாருங்கம்மான்னு அழுதாராம். நான் அன்னைக்கு லீவு.

நான் எதையும் மாத்தல சார். ஒரு எழுத்தைத் தொடல. ஆச்சுன்னு பொய் சொன்னேன், பட்டனை அழுத்தல, ரெண்டையும் ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பக்கத்துல என்ன இருக்குன்னு யோசிக்கற மனநிலையில நான் இல்ல. அதையும் தயவுசெஞ்சு எழுதிக்கோங்க.

என் தங்கச்சி போன் பண்ணினதைக் கேட்டீங்களே. அது அளவை மாத்தின நாலாவது நாள் காலையில, அந்தப் பொண்ணு வந்து படுக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. தன் சின்னவளுக்குக் காய்ச்சல், இங்கே வாங்கின சிரப்தான், சைட்ல அஞ்சு மில்லின்னு போட்டிருக்கு, குடுத்துடட்டுமா அண்ணேன்னு கேட்டா. "அதைப் பார்க்காதம்மா, அது பழசு. ரெண்டரை மட்டும் குடு"ன்னு சொன்னேன். கூடப் பிறந்தவளுக்கு அதுகூடச் செய்ய மாட்டேனா? போனை வச்சுட்டு, பாஸ்வேர்டு போடாம 'எங்கள் குழு' பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நான் இருந்தேன்.