கருகிய மோட்டாரும் கைநாட்டும்

கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, நமக்காக வெயிலில் வெந்துகொண்டிருக்கும் ஐயா வெங்கடாசலம் அவர்களே! நரைத்தாலும் நா தளராத பெரியவர்களே! காய்கிற பயிரைக் கண்ணுக்குள் சுமந்து வந்திருக்கும் உழவர்களே! பிள்ளையை இடுப்பிலும் பொறுமையை நெஞ்சிலும் தாங்கி நிற்கும் தாய்மார்களே! வண்டிக்காரன் சென்னப்பனின் வணக்கம்!

ஒரு கதை சொல்கிறேன். எந்த வருடம்? எனக்கு எண் எழுதத் தெரியாது. இந்திரா அம்மையார் சுடப்பட்டதற்கு முந்தின வருடம். கிரிக்கெட்டில் நம் நாடு உலகக் கோப்பை வாங்கியதென்று டீக்கடை ரேடியோ அலறிய வருடம்.

நண்பர்கள் இருவர், சவரியும் நஞ்சப்பனும், ஒரே நாளில், இன்று உங்களுக்கு விற்றிருக்கும் இதே கம்பெனியின் கிணற்று மோட்டார் ஆளுக்கொன்று வாங்கினார்கள். என் வண்டியில்தான் வந்தது. சவரி, மோட்டாரின் காலில் உளியால் சிலுவை கீறி, ஜெபம் சொல்லி சுவிட்சைத் தொட்டான். நஞ்சப்பன் வீட்டிலோ பொட்டு வைக்காமல் எதுவும் ஓடாது. வயர் மூடியின் உட்புறத்தில் குங்குமத்தைக் குழைத்து அப்பினாள் அவன் மனைவி.

நாற்பதே நாள்! இரண்டும் கருகின. கம்பெனி ஜீப் வந்தது. "புதுசே தர்றோம்" என்று ஏற்றிப்போனது. ராகி வாடியது; மாடு வாடியது; மனம் வாடியது. இருபதாம் நாள் வந்தன ஐயா, பளபளவென்று இரண்டு பச்சை மோட்டார்கள்!

அந்த அம்மாள் மறுபடி பொட்டு வைக்கக் குனிந்தாள். மோட்டாரின் காலில் ஊன்றிய கட்டைவிரல் ஒரு பள்ளத்தில் இறங்கியது. அரிவாள் நுனியால் சுரண்டினாள். பச்சைப் பெயின்டுக்கு அடியில் என்ன இருந்தது? சிலுவை!

சவரி ஓடிப்போய்த் தன் மோட்டாரின் மூடியைத் திறந்தான். உள்ளே குங்குமம்! பழைய கருகல் நாற்றம் குப்பென்று அடித்தது. உள்ளே சுற்றிய கம்பியை, அந்தக் காயிலைக்கூட மாற்றவில்லை; பழசுக்கே பச்சை அடித்து, ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

"மாமா, ஒங்க மோட்டாரு ஞானஸ்நானம் வாங்கிடுச்சுங்க!" என்றான் சவரி.

"ஒன்னுது மட்டும் என்னவாம்? பொறந்தவூட்டுக்குப் போயி பொட்டு வெச்சிக்கிட்டு வந்திருக்குது!" என்றான் நஞ்சப்பன்.

சிரியுங்கள், சிரியுங்கள்! அன்று அவர்களும் சிரித்தார்கள். சிரித்த வாயோடு தர்மபுரிக் கிளைக்கு வண்டி கட்டினோம். மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். "தண்ணி கொறஞ்ச கெணத்துல ஓட்டுனது ஒங்க தப்பு. ஒத்துக்கிட்டுக் கைநாட்டு வையுங்க, ரிப்பேர் பண்ணித் தர்றோம்."

ஆண்கள் இருவரும் மை தொடக் கை நீட்டினார்கள். பின்னாலிருந்து அந்த அம்மாள் கேட்டாள்: "எங்க தப்புன்னா, ஒங்க ஆளு எதுக்குங்க சார் பெயின்ட் அடிச்சாரு?"

மேனேஜர் தாளோடு உள்ளே போனார்; திரும்பி வந்தாரா? வரவில்லை! எழுந்தோமா? எழவில்லை! மூன்று நாள் அந்த வாசலிலேயே உட்கார்ந்தோம். நான்காம் நாள், ஆணி பிடுங்காத மரப்பெட்டியில் இரண்டு புது மோட்டார்கள் வந்தன. பாதி ராகி போயிற்று, மீதி பிழைத்தது.

இன்று உங்களில் பதினோரு பேரின் மோட்டார்களும் கருகிக் கிடக்கின்றன. நேற்று வாத்தியார் நீங்கள் வாங்கிவந்த தாளைப் படித்தார். எனக்கு எழுத்துத் தெரியாது, காது தெரியும். சொல் மாறாமல் அதே தாள்!

என்னப்பா காளியப்பா? "கைநாட்டு வெச்சா சும்மா ரிப்பேர் பண்றாங்களாமே" என்கிறாயா? சும்மாவா! தப்பு உன்னுடையது என்று நீயே சொன்ன பிறகு, அடுத்த முறை கருகினால் எந்த வாயால் கேட்பாய்? செய்தவன் தப்புக்கு வாங்கியவன் விரலா? விற்றவன் பொய்க்கு விதைத்தவன் சாட்சியா? வைக்காதே மையை! நீட்டாதே விரலை! விடிந்ததும் பதினோரு மோட்டாரும் அந்த வாசலுக்குப் போகட்டும்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. எழுந்து வரப்போகும் உங்கள் கால்களுக்கு வணக்கம். அன்று அந்த வாசலில் உட்கார்ந்தவர்கள் நால்வர். சவரி போய்விட்டான். நஞ்சப்பனும் போன தையில் போய்விட்டான். நான் வெறும் வண்டிக்காரன். அந்தக் கேள்வியைக் கேட்டவள் மட்டும் உயிரோடிருக்கிறாள். நாளை முதல் வண்டியில், முன்னால் உட்காரப்போகிறாள். அதோ, வேப்பமரத்தடியில் எழுந்து நிற்கிறாள் பாருங்கள், தீர்த்தம்மாள்!