ஜெனரலின் பல்வலி

ஜெனரல் வீட்டில் காபி நன்றாக இருக்கும், சார். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கீழ்புத்துப்பட்டில், ஈ.சி.ஆர். ஓரத்து வீடு. ஓய்வுபெற்ற ஜெனரல் தட்சணாமூர்த்திக்கு எண்பத்தைந்து வயது. மூன்று டிரங்குப் பெட்டி நிறையக் கடிதங்கள், வரைபடங்கள், எழுபத்தொன்றாம் வருஷப் போரில் பாலைவன எல்லையில் மேஜராக இருந்தபோது எழுதிய டைரி. டைரி என்றால் நூலில் கோத்த தனித்தாள்கள். எல்லாவற்றையும் அடுக்கிப் புத்தகமாக்க ஒரு கல்லூரிப் பையன் தேவைப்பட்டான். எங்கள் கல்லூரி முதல்வரின் கையெழுத்தை முதல்வரைவிடத் திருத்தமாகப் போடுகிறவன் நான். அதை ஜெனரலிடம் சொல்லவில்லை.

"உள்ளது உள்ளபடி போடுப்பா. முக்கியமா டிசம்பர் ஏழு," என்றார். ஏப்ரலில் இறந்துபோனார்.

டைரியில் வீரம் குறைவு, பல்வலி அதிகம். டிசம்பர் ஏழு இப்படி இருந்தது: 'பல்வலி தாங்கவில்லை. வடக்குக் காவலில் நின்ற பச்சமுத்துவைக் கிராம்புத் தைலம் வாங்கிவர அனுப்பினேன். மாற்று ஆள் போட மறந்தேன். எதிரி அந்த வழியாக வந்தான். ஏழு பேர் போனார்கள். தவறு என்னுடையது.'

இதை யார் படிப்பார்கள், நீங்களே சொல்லுங்கள். மகள் வைஜெயந்தியும், "அப்பா பேரு நிக்கணும், பாத்து முடிச்சிடுப்பா," என்றுதான் சொன்னார். பல்வலியில் பேர் நிற்காது. அதனால் அந்த ஒரு தாளை மட்டும் புதிதாக எழுதினேன். அதில் பச்சமுத்து காவலில் தூங்கிவிடுகிறான். மேஜர் தனியாளாக ஓடிவந்து மிச்சப் பேரைக் காப்பாற்றுகிறார். வேறு பெயர் போட்டிருக்கலாம். ஆனால் முந்தின தாளில் அன்றைய காவலாளி யார் என்று இருந்தது. சரித்திர ஆவணத்தில் முரண்பாடு கூடாது.

தாளைப் பழசாக்க மரக்காணம் உப்புப் பாத்தியில் நனைத்து வரப்பில் காயவைத்தேன். இங்கே ஒரு தவறு செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் நுழையும் முதல் பாத்தியில் நனைத்திருக்க வேண்டும். அது தூரம் என்று, உப்பு விளையும் கடைசிப் பாத்தியில் நனைத்துவிட்டேன். காய்ந்ததும் ஓரமெல்லாம் மினுக்கியது. பாலைவனத்தில் எழுதிய தாளில் கடல் உப்பு எப்படிப் பூத்தது என்று கேட்டவர், பிற்பாடு டைரியை வாங்கிக்கொண்ட அருங்காட்சியகத்து சகாயசெல்வி மேடம் ஒருவர்தான். அதுவும் புத்தகம் வந்து நாலு மாதம் கழித்து.

பச்சமுத்து உயிரோடு இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. மரக்காணத்திலேயே இருந்தார். பட்டாளத்திலிருந்து திரும்பிய நாள் முதல் உப்புக் குவியல்களுக்கு வாட்ச்மேன். புத்தகம் வந்த வாரமே டீக்கடையில், "என்ன தாத்தா, இன்னைக்காச்சும் முழிச்சினு இருப்பியா?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு நாள் காலையில் ஜெனரல் வீட்டுக்கு வந்தார்.

"ஏம்பா, நான் தூங்கிட்டேன்னு மேஜர் எழுதிக்கிறாராமே. கண்ணு சரியா தெரியல, படிச்சுக் காட்டு."

டைரித் தாளையே எடுத்து நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினேன். நல்ல நடை, சார்.

"அவரு கையெழுத்தா?"

"அவரு கையெழுத்துதான், தாத்தா."

தாளைத் தடவிக்கொண்டே இருந்தார். "தைலம் வாங்க அனுப்பினாருன்னுல்ல எனக்கு ஞாபகம். திரும்பி வந்தப்ப ஏழு பேரும் கெடந்தாங்க."

"அது வேற நாளா இருக்கும்."

"இருக்கும். அவரு பொய் எழுத மாட்டாரு. அப்ப நான்தான் தூங்கிட்டேன் போல." வாசல்வரை போய், "ஏழு பேருப்பா," என்றார்.

மூன்றாம் நாள் உப்பளத்து வாய்க்காலில் அவரை எடுத்தார்கள். முழங்கால் ஆழத் தண்ணீர். வழுக்கி விழுந்திருப்பார் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அவர் என் எதிரே உட்கார்ந்திருந்தபோது அசல் தாள் மேசை இழுப்பறையில் இருந்தது. எடுத்து நீட்ட அரை நிமிஷம்கூட ஆகாது. நீட்டினால் புத்தகம் போய்விடும். நீட்டவில்லை. இப்போதும் பத்திரமாக இருக்கிறது, இந்த வாக்குமூலத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நான் அதைக் கிழிக்கவில்லை என்பதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள், சார். ஒருத்தர் நம்பி ஒப்படைத்த காகிதத்தை அழிக்க எனக்கு மனசு வராது.