ராசுவுக்குக் கீழே ராதிகா

— காலையில எட்டரைக்கே வாட்ஸப்புல நீலக்கோடு வுழுந்துட்ச்சு மாப்ள. ரெண்டு கோடும் நீலம். கேட்டுட்டான்.

— யாரு மாமா கேட்டது? இன்னாத்த கேட்டது? சோத்துத் தூக்க எறக்கி வைக்க வுடுங்க மொதல்ல. அக்கா சின்னசேலம் கல்யாணத்துக்குப் போனாலும் போனா, உங்களுக்கு சோறு தூக்கறதே எனக்கு வேலையாப் பூட்ச்சு.

— சோறு கெடக்கட்டும். கதவ சாத்து சுபாசு.

— கரண்டு இல்ல. கதவையும் சாத்துனா உள்ளயே அவிஞ்சு பூடுவோம். இன்னா ஆச்சு? மூஞ்சி வெளுத்துக் கெடக்குது. மெதுவா சொல்லுங்க.

— கேளு மாப்ள. எனக்கு வெரலு மரத்துப் போறது உனக்குத் தெரியுமில்ல? பேனா புடிச்சா நிக்கல. அதனால ஆறு மாசமா அத்தியாயத்த வாயால சொல்லி, கள்ளக்குறிச்சில டைப்பு அடிக்கற ராதிகாவுக்கு வாய்ஸ் மெசேஜா அனுப்பிக்கினு இருக்கேன். அவ அடிச்சு பத்திரிகைக்குப் போட்டுருவா.

— தெரியுமே. முப்பது வருசம் போஸ்ட் ஆபீசுல முத்திர குத்துன வெரலு. அதுவும் ஓய்வு கேக்காதா?

— வெளையாடாத. மத்தியானம் ராதிகா போன் பண்றா. 'இந்த வாரம் அத்தியாயம் இன்னும் வரலியே சார்'ங்கறா. எட்டு மணிக்கே அனுப்பிட்டேனேம்மான்னு போன எடுத்துப் பாத்தா, திக்குன்னு ஆயிட்ச்சு. போன்ல பேரு வரிசையில ராசுவுக்குக் கீழ ராதிகா மாப்ள. வெரலு ஒரு வரி மேல பட்டு, மெசேஜு அவனுக்குப் பூட்ச்சு.

— எந்த ராசு?

— வெள்ளிமல ராசு. ஜீப்பு ஓட்றவன். உனக்கும் தெரியுமே, மலையில ரோடு அகலம் பண்ணப்ப நீ ஓட்ன ஜேசிபிக்கு டீசல் ஏத்திக்கினு வந்தவன். காணாம போன தமிழ்மொழியோட அண்ணன். ஏய், பாத்து ஊத்துடா!

— ரசம் கையில கொட்டிட்ச்சு. சுடுது. நீங்க சொல்லுங்க.

— ரெண்டு வருசம் ஆச்சு அந்தப் பொண்ணு காணாம போயி. யாரோடயோ பெங்களூரு ஓடிட்டான்னு ஊரே முடிவு கட்டிட்ச்சு. ராசு ஒருத்தன்தான் நம்பல. பேப்பர்ல நாலே வரி வந்துது. வெட்டி நோட்டுல ஒட்டி வெச்சேன். ராத்திரி பகலா அந்த நாலு வரி என்ன வுடல. போன மாசம் மலைக்குப் போயி, அவன் ஜீப்புலயே சுத்தி, அவன் வாயாலயே எல்லாத்தியும் கேட்டேன். அதத்தான் தொடரா எழுதறேன்.

— அதான் கதையாச்சே. 'கதப்பா'ன்னு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சுது. இதுக்குப் போயி இப்படி பயப்படறீங்களே.

— கதையில கொலகாரன் யாரு தெரியுமா? அண்ணன். ஜீப்பு ஓட்ற அண்ணன்!

— அட போங்க மாமா.

— வாசகனுக்குக் கடைசில ஒரு அதிர்ச்சி வேணுமில்ல? தேடி அலையறவனே கொன்னவன்னு முடிச்சா எடுப்பா இருக்கும்னு போட்டுட்டேன். பாவி நான். அன்னிக்கு மழையில அவன் வூட்டுல எனக்கு சாம அரிசிச் சோறு ஆக்கிப் போட்டான். தங்கச்சி போட்டோவ எடுத்துக் காட்டி அழுதான். அத தின்னுட்டு வந்து அவன் தலையிலயே கொலையத் தூக்கி வெச்சேன்.

— இருந்தாலும் பேரு வேறதான வெச்சிருப்பீங்க? நீங்கதான் பேரு, ஊரு எல்லாத்தியும் மாத்திருவீங்களே.

— அங்கதான் மாட்டிக்கினேன். சொல்லும்போது நெசப் பேரத்தான் சொல்லுவேன். அப்பதான் ஆளு கண்ணு முன்னாடி வந்து நிக்கும். அச்சுக்குப் போறதுக்கு முந்தி ராதிகா பேரு, ஊரு, மரம், மட்ட எல்லாத்தியும் கம்ப்யூட்டர்ல ஒரே தட்டுல மாத்திருவா. முந்தி முப்பத்தெட்டு நாவலுக்கும் நானே கையால மாத்துவேன்.

— இத எங்கிட்ட நீங்க ஒரு நாளும் சொன்னதில்லியே மாமா.

— தொழில் ரகசியம்டா. உங்க அக்காவுக்கே தெரியாது.

— எடம்? எடத்தியும் நெசமாவா சொன்னீங்க?

— இரு, போட்டுக் காட்றேன். எங்கொரலுதான், கேளு.

— 'தமிழ்மொழி பெங்களூருக்குப் போகவில்லை. எங்குமே போகவில்லை. வெள்ளிமலைச் சாலையில் பதினோராவது வளைவைத் தாண்டி, சிறுபாலத்தை ஒட்டி வரிசையாக நிற்கும் பலாமரங்களில் மூன்றாவது மரத்தின் கீழே படுத்திருந்தாள். சாலையை அகலப்படுத்தக் கொட்டிய புதுமண் அது. மழை ஓய்ந்த மறுநாள் தோண்டியதால் அதிகப் பாடுபட வேண்டியிருக்கவில்லை. அவளுடைய அண்ணன் ராசு தினமும் அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் ஜீப்பின் வேகத்தைக் குறைத்தான். யாருக்கும் அது ஏனென்று...'

— நிறுத்துங்க. போதும், நிறுத்துங்க.

— உனக்கே ஒடம்பு சிலுத்துக்குதில்ல? அப்ப கூடப் பொறந்தவன் கேட்டா எப்படி இருக்கும்? எழுத்து அம்சமா வந்துட்ச்சு, அதுதான் வெனையாப் போச்சு. எடம் நீ குடுத்தது மாப்ள. பொணத்த நான் கோமுகி அணையிலதான் போட்டு வெச்சிருந்தேன். நீதான், 'தண்ணியில போட்டா மூணாம் நாளு மெதந்துரும் மாமா, மண்ணு தள்றவன் சொல்றேன் கேளுங்க'ன்னு அந்தப் பலாமரத்தச் சொன்ன.

— நீங்க மாத்திருவீங்கன்னு நெனச்சு, வாய்க்கு வந்தத சொன்னேன். அதுல எம்பேரு எங்கியாச்சும் வருதா?

— உம்பேரு எதுக்குடா வருது? நான் இங்க உசுரப் புடிச்சிக்கினு ஒக்காந்திருக்கேன், நீ உம்பேரத் தேடற.

— சும்மா கேட்டேன். ராசு இன்னா சொன்னான்?

— ஒண்ணியும் சொல்லல. அதான் பயமே. மத்தியானத்துலருந்து இருவது தடவ போட்டுட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கார்னு ஒரு பொம்பள கொரலு திருப்பித் திருப்பி சொல்லுது. எனக்கு இன்னா தோணுது தெரியுமா? ஜீப்ப எடுத்துக்கினு கெளம்பிட்டான். மல எறங்கி அணையத் தாண்டுனா கச்சிராயபாளையம் எம்மாந்தூரம்? வூடும் அவனுக்குத் தெரியும். இரு... இன்னா சத்தம் அது?

— டிராக்டரு மாமா. கரும்பு ஏத்திக்கினு போவுது.

— அந்தக் கதவ சாத்துடா, உனக்குப் புண்ணியமாப் போவும்.

— பட்டப்பகல்ல எவன் வந்து இன்னா பண்ணப் போறான்? நாந்தான் கூடவே இருக்கேனே. காத்து வரட்டும், கதவு தெறந்தே கெடக்கட்டும்.

— டீக்கடைக்குப் போனா, 'இந்த வாரம் யாரு சார் செத்தா'ன்னு கேட்டு சிரிப்பானுங்க. நானும் கூட சிரிப்பேன். முப்பத்தெட்டு நாவல்ல எத்தன பேர பயந்து சாவ வெச்சேன்! பயம்னா இன்னான்னே தெரியாமத்தான் அத்தனையும் எழுதியிருக்கேன் மாப்ள. அந்த சொம்ப இப்படி எடு.

— தண்ணி குடிங்க. குடிச்சிட்டு அந்த மெசேஜ அழிங்க.

— எட்டரைக்கே கேட்டவன் காதுலருந்து எப்படி அழிக்கறது?

— அப்ப எழுதி அனுப்புங்க. 'எல்லாம் கற்பன, அந்த எடத்துப் பக்கம் போவாத'ன்னு.

— எடத்துப் பக்கம் போவாதன்னு எதுக்கு எழுதணும்? உன்ன கொலகாரன்னு சொன்னது தப்பு, மன்னிச்சுக்கன்னுதான எழுதணும்?

— அதையும் எழுதுங்க. சீக்கிரம் எழுதுங்க மாமா.

— என்னவுட நீ அவசரப்படறியே. பாத்தியா, பயம் ஒட்டிக்குது. இரு, அடிக்குது... அவன்தான்! ராசு ஜீப்புன்னு வருது.

— எடுக்காதீங்க.

— எடுக்கலன்னா நேர்ல வந்து நிப்பான்.

— அப்ப ஸ்பீக்கர்ல போடுங்க. அவன் இன்னா சொல்றான்னு நானும் கேக்கணும். நான் இங்க இருக்கறது அவனுக்குத் தெரிய வேணாம்.

— ஹலோ... ராசு? ஆதிமூலம் பேசறேன்பா. அது கதப்பா. சத்தியமா கத. டைப்பு அடிக்கற பொண்ணுக்கு அனுப்புனது, கை தவறி உனக்கு வந்துட்ச்சு...

— சார்.

— மன்னிச்சுக்க ராசு. உங்கையால சோறு தின்னுட்டு உன்னயே நான்...

— சார், நான் சண்டைக்குப் போன் பண்ணலீங்க சார். அண்ணன்தான் கொன்னான்னு சொன்னீங்களே, அத கேட்டப்ப ஆத்திரமாத்தான் இருந்துச்சு. உங்க வூட்டுக்குத்தான் ஜீப்ப எடுத்தேன். பதினோராவது வளைவு வந்துச்சுங்க. அதுக்கு மேல போக முடியல. வண்டிய நிறுத்திட்டேன்.

— நிறுத்திட்டியா?

— தெனமும் போற வழிங்க சார். அந்த மரத்த நின்னு பாத்ததே இல்ல. ஊர்ப் பசங்க பழனியும் அஜித்தும் மம்புட்டி எடுத்துக்கினு வந்தாங்க.

— வேணாம் ராசு. அது நான் சும்மா எழுதுனதுப்பா. அங்க ஒண்ணும் இருக்காது.

— தோண்டிட்டோம். கொலுசு இருக்குதுங்க சார். எந்தங்கச்சி தமிழு கொலுசு. ஒரு கண்ணி அறுந்துட்ச்சுன்னு குடுத்தா, நாந்தான் ஜீப்பு வயர உரிச்சு உள்ள இருக்கற கம்பியச் சுத்திக் குடுத்தேன். அந்தக் கம்பி அப்படியே இருக்குதுங்க.

— ஐயோ, ஐயோ ராசு...

— போலீசுக்குச் சொல்லியாச்சு. வந்துக்கினு இருக்காங்க. அதுக்குள்ள உங்களக் கேக்கணும்னுதான் சிக்னல் கெடைக்கற மேட்டுக்கு ஏறி வந்தேன். நீங்க கதன்னு சொல்றீங்க, நான் நம்பறேங்க சார். அண்ணன் கொன்னான்னு சொன்னது கத. ஆனா எடம் கத இல்லியே. அந்த மூணாவது மரத்த உங்களுக்கு யாரு சார் சொன்னது?

— அது... அது வந்து ராசு...

— சார்? இருக்கீங்களா? யாரு சார் சொன்னது?

— சுபாசு... இப்ப எதுக்குடா கதவ சாத்தற?