இடது பின்சக்கரம்

பழைய வண்டியை விற்க நினைக்கிறவர்கள் முதலில் கை வைப்பது மீட்டரில்தான். இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியதை எண்பதாயிரம் என்று காட்டித் தருவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். நான் அந்த வேலைக்குப் போகவில்லை. என் பிக்கப் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் ஓடியிருந்தது. வாங்க வந்தவர்களிடம் அதையே சொன்னேன். காகிதமும் பேனாவும் கொடுத்து என்னையே எழுதச் சொன்னதற்கு நன்றி, சார். பன்னிரண்டாவது வரை படித்தவன்தான். பேசினால் நாக்கு குழறுகிறது, எழுதினால் குழறாது.

என் பெயர் கொளஞ்சியப்பன். அரும்பாவூருக்குப் பக்கத்தில் காடும் வீடும். சின்ன வெங்காயம் வாங்கி மார்க்கெட்டுக்கு ஏற்றுகிறவன். பத்து வருடமாக அந்த வண்டிதான் எனக்குச் சோறு போட்டது. முன்கண்ணாடியில் என் மகள் இலக்கியாவின் பெயரைப் பெரிதாக ஒட்டியிருப்பேன். அப்படிப்பட்ட வண்டியை மாசி மாதம் விற்க முடிவு செய்ததற்குக் காரணம் பயம். வேறு எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும்.

மார்கழியில், விடிந்தும் விடியாத நேரத்தில், வாலிகண்டபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கிளைச்சாலையில், பால் கேனோடு நடந்து போன ஒரு அம்மாள் மேல் என் வண்டி மோதியது. சாலையோரப் புளியமரமே தெரியாத பனி. பாப்பாயி என்ற பெயரைப் பிறகு பேப்பரில் பார்த்தேன். அவர் இறந்துவிட்டார், நான் வந்துவிட்டேன். அடையாளம் தெரியாத வண்டி என்று நீங்களும் எழுதி வைத்திருந்தீர்கள். இந்த விஷயத்தை இப்போதைக்கு இங்கே நிறுத்தி வைக்கிறேன், திரும்ப வருவேன்.

பெரம்பலூரில் என் வண்டியைத் தெரியாத ஒர்க்‌ஷாப் கிடையாது. அதனால் அரியலூருக்குக் கொண்டுபோய் இடது பக்க லைட்டை மாற்றினேன், பானெட்டுக்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தேன். மாடு முட்டிவிட்டது என்றேன். அங்கே சிமெண்ட் லோடு லாரிகளையே பார்த்துப் பழகியவர்கள், என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் இன்று உங்கள் முன் உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனால் உயிர் குடித்த வண்டியை அப்படியே வைத்திருக்க எங்கள் பக்கத்தில் யாருக்கும் தைரியம் வராது. போலீசுக்குப் பயப்படாதவன்கூட அதற்குப் பயப்படுவான். எங்கள் ஏரிக்கரை முனியப்பன் கோயிலுக்கு ஓட்டிப் போனேன். பூசாரி சேவல் அறுத்தார். எலுமிச்சம்பழம், இரும்பு ஆணி, கொஞ்சம் மண் எல்லாவற்றையும் மஞ்சள் துணியில் முடிந்து, சேவல் ரத்தத்தில் நனைத்து, வண்டியின் அடியில் கட்டிவிட்டார். ஒரு வருடத்துக்கு அவிழ்க்கக் கூடாது, அவிழ்த்தால் போனது திரும்பி வந்து ஏறிக்கொள்ளும் என்றார். ஒரே வாரத்தில் அதன் மேல் சேறு அப்பி, அச்சோடு அச்சாகிவிட்டது. யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

முடிச்சு கட்டியும் பயம் போகவில்லை. ரிவர்ஸ் கியர் போட்டால் பின்னால் கேன் மூடி உருளும் சத்தம் கேட்கும். இறங்கிப் பார்த்தால் வெறும் தரை. இரண்டு மாதமாக நான் ரிவர்ஸே எடுக்கவில்லை. வண்டியைத் திருப்ப வேண்டுமென்றால் அரை கிலோமீட்டர் போய் களத்தைச் சுற்றிக்கொண்டு வருவேன். என் மனைவி மலர்கொடி ஒருநாள் கேட்டாள். "என்னா, வண்டிக்குப் பின்னாடி போவத் தெரியாதா?" அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

வாங்க வந்தவர் சைபுல்லா. லப்பைக்குடிக்காட்டுக்காரர், ஒன்பது வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்து ஹார்டுவேர் கடை வைக்கப் போகிறார். நல்ல மனிதர். அவர் தனியாக வந்திருந்தால் டயரை ஒரு உதை உதைத்துவிட்டு முன்பணம் கொடுத்திருப்பார். கூடவே செல்லமுத்துவைக் கூட்டி வந்துவிட்டார்.

செல்லமுத்துவை உங்களுக்குத் தெரியும். பெரம்பலூர்ப் பக்கத்தில் பழைய வண்டி வாங்குகிற யாரும் அவரைக் காட்டாமல் வாங்க மாட்டார்கள். அறுபது வயதிருக்கும். விலையை வாயால் சொல்லவே மாட்டார். சட்டைப் பையில் சாக்பீஸ் வைத்திருப்பார். குறை இருக்கும் இடத்திலெல்லாம் ஒரு வட்டம் போடுவார். கடைசியில் வட்டங்களைப் பார்த்து விற்கிறவனே இறங்கி வருவான். மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி வண்டியைப் பார்ப்பார்.

என் வாசல் ரோட்டைப் பார்த்துச் சரிவாக இறங்கும். வண்டி ரோட்டைப் பார்த்து நின்றது. ஹேண்ட்பிரேக் சரியாகப் பிடிக்காது என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு கதவில் ஒரு வட்டம் போட்டார். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த சின்னக் காந்தம் ஒன்று அவரிடம் இருந்தது. அதைத் தகரத்தின் மேல் ஒட்டி ஒட்டி எடுத்துக்கொண்டே வந்தார். கதவில் ஒட்டியது, கூரையில் ஒட்டியது. பானெட்டின் இடது ஓரத்தில் வைத்தார். காந்தம் வழுக்கிக் கீழே விழுந்தது.

"இங்க பட்டி பாத்துருக்கே, தம்பி."

"மாடு முட்டிருச்சுங்க."

"மாடு முட்டுனா தகரம் மேல ஒடுங்கும். இது கீழ ஒடுங்கியிருக்கு." சொல்லிவிட்டு அவர் அங்கே வட்டம் மட்டும் போட்டார். மற்ற வட்டங்களைவிட அது கொஞ்சம் பெரிதாக இருந்த மாதிரி எனக்குப் பட்டது. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எனக்கு என் வாசலிலேயே பயமாக இருந்தது.

பிறகு ஓட்டிப் பார்த்தார். களத்தைச் சுற்றித் திரும்பி வந்து வாசலில் பழையபடி ரோட்டைப் பார்த்து நிறுத்தியதும் என்னை உட்காரச் சொன்னார். "ரிவர்ஸ் போட்டு கொஞ்சம் மேல ஏத்துப்பா. கியர்பாக்ஸ் சத்தம் கேக்கணும்." என் கை கியரைப் பிடித்தது, தள்ளவில்லை. அவர் சன்னல் பக்கம் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வழியாகத் தள்ளி, கண்ணை மூடிக்கொண்டு பத்தடி ஏற்றினேன். மூடி உருண்டது. அவர்களுக்குக் கேட்டதா என்று தெரியாது.

"பிரேக் லைனிங் பாத்துரலாம்" என்று இடது பின்பக்கம் ஜாக்கி வைத்தார். அந்தப் பக்கம் தரையை விட்டுத் தூக்கிய பிறகு அந்த ஹேண்ட்பிரேக்கை நம்ப முடியாது என்று அவருக்குத் தெரியாதா. முன்சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல்லை அவரே கொண்டுவந்து வைத்தார், காலால் தட்டி இறுக்கினார். பின்சக்கரத்தைக் கழற்றி ஓரமாகச் சாய்த்தார். சைபுல்லாவால் குனிய முடியாது, முதுகுவலி. அதனால் செல்லமுத்து போனில் லைட்டைப் போட்டு, அடிப்பக்கத்தை வீடியோ எடுத்துக் காட்டுவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய் மல்லாந்து படுத்தார். அந்த நேரம் சைபுல்லாவுக்கு அவர் அண்ணனிடமிருந்து போன் வந்தது. விலை விஷயம் பேச ரோட்டுப் பக்கம் போனார். வாசலில் நானும், அடியில் இருந்து வந்த செல்லமுத்துவின் குரலும்தான்.

அவர் என்ன பேசினார் என்பது அந்த வீடியோவில் இருக்கிறது. நீங்கள் எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன்.

"ஏப்பா, இது என்னா, முடிச்சு?" சேற்றை விரலால் சுரண்டுவது கேட்டது. "ரத்தத்துல நனைச்சிருக்கு. காவு வாங்குன வண்டியா இது? சொல்லியிருந்தா ஆவாதா?"

நான் குனிந்து, "சின்ன ஆக்சிடெண்டுங்க. முன்னாடிதான் லேசா பட்டுச்சு. பனியில தெரியல" என்றேன்.

சுரண்டுவது நின்றது. பிறகு அவர் ரொம்ப மெதுவாகச் சொன்னார். "முன்னாடி பட்டதுக்கு, பின்னாடி அச்சுல ஏன் கட்டுனாங்க? எந்தச் சக்கரம் ஏறுச்சோ அங்கதானே கட்டுவாங்க."

நான் ரோட்டைப் பார்த்தேன், சைபுல்லா இன்னும் போனில்தான் இருந்தார்.

"முன்னாடி அடிச்சு ஓரமா வுழுந்த ஆளு மேல பின்சக்கரம் எப்படிய்யா ஏறும்?" செல்லமுத்துவின் குரல் மாறிவிட்டது. "மார்கழியில அந்தப் பால்காரம்மா... கொளஞ்சி, நீ ரிவர்ஸ் எடுத்தியா?"

சார், நிறுத்தி வைத்திருந்த விஷயத்துக்கு வருகிறேன். பூசாரியும் முதலில் அதைத்தான் கேட்டார், "எந்தச் சக்கரம்?" என்று. யோசிக்காமல் இடது பின்சக்கரம் என்று சொல்லிவிட்டேன். கோர்ட்டில் பொய் சொல்லலாம், முனியப்பன் முன்னால் எப்படிச் சொல்வது. தப்பான சக்கரத்தில் கட்டினால் கட்டு நிற்காதே. அந்தப் பயத்தில் சொன்ன ஒரு உண்மைதான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

மோதியபோது பாப்பாயி சாகவில்லை. இடுப்பு ஒடிந்து, வண்டிக்குப் பின்னால் சாலை ஓரத்தில் கிடந்தார். பால் ரோடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. நான் இறங்கிப் போனேன். அவர் பெயரைப் பேப்பரில் பார்த்தேன் என்று எழுதியது சரியில்லை, திருத்திக்கொள்ளுங்கள். வருடா வருடம் என்னிடம் விதை வெங்காயம் வாங்குகிறவர். அவருக்கும் என்னைத் தெரிந்தது. "கொளஞ்சியா? தூக்கி வுடுப்பா" என்றார். திட்டவில்லை, கூச்சல் போடவில்லை. தூக்கி விடச் சொல்லிக் கையை நீட்டினார்.

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நான் யோசித்தேன். இன்சூரன்ஸ் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. உயிரோடு இருந்தால் என் பெயரைச் சொல்வார். அவருக்கும் அந்த வயதில் ஒடிந்த இடுப்பு சேரப் போவதில்லை, படுத்த படுக்கையாக யாருக்கும் பாரமாகக் கிடக்க வேண்டும். இதையெல்லாம் அவருக்காகவும்தான் யோசித்தேன். "இருங்க, வண்டிய கிட்ட கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டுப் போய் ஏறினேன். அவர் சரி என்று தலையாட்டினார். நான் ரிவர்ஸ் எடுத்தேன்.

செல்லமுத்து அடியிலிருந்து வெளியே வரப் பார்த்தார். செருப்பு மண்ணைத் தேய்க்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தால் சைபுல்லாவிடம் சொல்வார். சைபுல்லா ஊருக்குச் சொல்வார். இலக்கியா பள்ளிக்கூடத்திலிருந்து வரும் நேரத்தில் போலீஸ் என் வாசலில் நிற்கும். எனக்குக் கால் நடுங்கியது. நடுங்குகிற காலால் அந்தக் கல்லை அவ்வளவு துல்லியமாக எப்படித் தள்ளினேன் என்று எனக்கே தெரியவில்லை. வீடியோவில் தெரிகிற செருப்பு என்னுடையதுதான். முதல்நாள் உங்களிடம், கல்லை இன்னும் இறுக்கப் போய் நழுவிவிட்டது என்றேன். நழுவவில்லை. தள்ளினேன். வண்டி ஒரு முழம் முன்னால் நகர்ந்தது, ஜாக்கி சாய்ந்தது. சக்கரம் இல்லாத அச்சு அவர் நெஞ்சில் இறங்கியது. ஒரு சத்தம்கூட இல்லை. அதற்குப் பிறகு அவர் போனிலிருந்து வெளிச்சம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

சைபுல்லா ஓடி வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "யா அல்லாஹ், நான்தானே கூட்டியாந்தேன்" என்று அழுதார். நான் அவர் தோளைப் பிடித்து, "எல்லாம் விதிங்க" என்றேன். எனக்கும் அழுகை வந்தது. அதில் பொய் இல்லை.

இரண்டு பேரையும் கொன்றது நான்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்னைக் கெட்டவன் என்று எழுத வேண்டாம், பயந்தவன் என்று எழுதுங்கள். வண்டி இப்போது உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது. சன்னல் வழியாகத் தெரிகிறது. யாரோ அதை ஓரம் கட்ட ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் மூடி உருள்கிறது, உங்களுக்குக் கேட்கவில்லை என்கிறீர்கள். என்றாவது ஏலம் விடுவீர்கள். வாங்க வருகிறவரிடம் எதையும் மறைக்காதீர்கள் சார், நான் மறைத்து விற்கிற ஆள் இல்லை. மீட்டர் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம். அது உண்மையான ஓட்டம், நான் கை வைக்கவே இல்லை.