ஆறாம் வளைவுப் பள்ளம்

பெல்ட்ட இன்னும் இழுங்க தம்பி, கிளிக்குனு சத்தம் வரணும். ஆங், அவ்ளோதான். அந்தக் கம்பியவும் புடிச்சுக்கோங்க, வெக்கப்படாதீங்க. போன மாசம் சாந்தியாகோ தலைமை ஆபீஸ்லேர்ந்து ஒரு மேனேஜர் வந்தாரு, புடிக்க மாட்டேன்னு கௌரவமா உக்காந்திருந்தாரு. ரெண்டாவது வளைவுல ஹெல்மெட்டு ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம்.

ஆமா, நெல்டா அக்கா நான்தான். இந்தச் சுரங்கத்துல நாப்பத்தொண்ணாம் நம்பர் டம்பரு, பதினோரு வருஷமா. நீங்க என் வண்டியத் தேடி ஏறும்போதே தெரிஞ்சு போச்சு, ஆறாம் வளைவுப் பள்ளத்தப் பாக்கத்தானேன்னு. பாக்கலாம். இப்ப காலி வண்டியாத்தான் எறங்கறோம், போய்ச் சேர கால் மணி நேரமாவது ஆகும். ரொட்டி திங்கறீங்களா? பால்தா, அதான் வெண்ணெய்ப் பழம், மசிச்சுத் தடவினது. வேணாமா? ஓ, மலை ஏறி இன்னிக்குத்தான் மொத நாளா. காத்து பத்தாம வயித்தப் பெரட்டும். அந்த ஃபிளாஸ்க்கத் தெறங்க, ரிக்கா-ரிக்கான்னு இந்த மலை மூலிகை போட்ட டீ. குடிங்க. உங்க முகத்துக்கு அது அவசரமா வேணும்.

ஒண்ணு சொல்றேன், நீங்க ஆபீஸ்காரங்கல்லாம் கெட்டிக்காரப் பசங்க. கிண்டல் இல்ல, நெசமாத்தான். நாலு சக்கரத்து மேலயும் சென்சாரு வெச்சிட்டீங்க. ஒரு சக்கரம் குழியில எறங்குனா வண்டி ஒடம்பு முறுக்குது, ஈரத்துணி பிழியற மாதிரி. உடனே உங்க ஆபீஸ் திரையில அந்த எடம் செவப்பாயிடுது, ரோட்ட மட்டம் பண்ற கிரேடர் வண்டி கெளம்பிடுது, மண்ணு சமமாயிடுது. நாங்க வாயே தெறக்க வேணாம்.

அதுக்கு முன்னாடியா? அப்ப எங்க இடுப்புதான் சென்சாரு, எங்க வாய்தான் திரை. ரோடு மோசம்னா ரேடியோவ எடுத்துக் கத்துவோம். என் வாயி கொஞ்சம் பிரபலம் தம்பி. மூணாவது மேடு கழுத முதுகு மாதிரி இருக்குன்னு நான் சொன்னேன்னு வைங்க, அன்னைக்குப் பூரா எல்லாரும் அதச் சொல்லியே சிரிப்பாங்க. எனக்கும் பெருமையா இருக்கும்.

அந்தப் பெருமைதான் என்னக் கெடுத்துது. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு நாள் ரோடு ஒரே அலை அலையா கெடந்துச்சு. பல்லு ஆடுது. நான் ரேடியோவ எடுத்து, இன்னிக்கு கிரேடர் ஓட்டுறது யாரு, மத்தியானம் சாப்ட்டுட்டுத் தூங்கிக்கிட்டே ஓட்டுறாங்களான்னு கேட்டேன். மொத்த சுரங்கமும் சிரிச்சுது. ஓட்டுனது என் தங்கச்சி எர்சிலியா. தண்ணி லாரி ஓட்டிக்கிட்டிருந்தவ. கிரேடர் பரிச்சை பாஸ் பண்ணி அன்னிக்குத்தான் மொத மொதல்ல தனியா ஏறியிருக்கா. எங்கிட்ட சொல்லல, சாயங்காலம் வந்து சொல்லி ஆச்சரியப்படுத்தணும்னு இருந்திருக்கா.

சிரிங்க, பரவால்ல. எனக்கே சிரிப்பு வந்துச்சு, யாருன்னு தெரியற வரைக்கும்.

அன்னிலேர்ந்து அவ பேரு சியஸ்தா, மத்தியானத் தூக்கம்னு. கேன்டீன்காரன் கூட, சியஸ்தா, சூப்பு ஊத்தவான்னு கேக்கறான். அவ எங்கிட்டப் பேசறதில்ல. மன்னிப்புக் கேக்கலாம்னு கதவத் தட்டுனேன், தெறக்கல. கேக்கு செஞ்சு குடுத்தனுப்பினேன், தட்டு கழுவித் திரும்பி வந்துச்சு. கேக்க மட்டும் தின்னுட்டா. எங்கூட வராம இருக்கறதுக்காகப் பஸ்ஸ மாத்திக்கிட்டா, சாப்பாட்டு நேரத்த மாத்திக்கிட்டா. ஒரே சுரங்கம், ஒரே ஷிஃப்டு. அவ மூஞ்சியப் பாக்கவே வழி இல்லாமப் போச்சு. கேன்டீன்காரனுக்குக் கெடைக்கற பாக்கியம் கூட எனக்குக் கெடைக்கல.

சரி விடுங்க, உங்களுக்கு எதுக்கு எங்க வீட்டுக் கதை. நாலாம் வளைவு வந்தாச்சு. தூசி அடங்க தண்ணி லாரிக்காரன் எப்படி அளவா தெளிச்சிருக்கான் பாருங்க. கொஞ்சம் கூடுனா வழுக்கும்.

என்னது? தோண்டப் போறீங்களா? எங்க, ஆறாம் வளைவுலயா? அடியில தண்ணி ஊறுதுன்னா? தம்பி, இந்த ஊர்ல மழைய நேர்ல பாத்தவங்கள விட பேயப் பாத்தவங்க அதிகம். எத்தன நாளு ரோட்ட மூடுவீங்க? அஞ்சா? எல்லா டம்பரும் மலையச் சுத்தி வரணுமா?

இருங்க. தண்ணி இல்லன்னா? தண்ணி இல்லன்னா யாரு தப்புன்னு எழுதுவீங்க?

கிரேடர் ஓட்டுறவளா.

எர்சிலியாவத் திரும்பத் தண்ணி லாரிக்கா அனுப்புவாங்க?

தம்பி, அந்த நோட்ட மூடி வைங்க. செவப்பு எத்தன தடவ வந்துச்சு, ஏழா? ஏழும் நாப்பத்தொண்ணாம் வண்டியிலேர்ந்துதானே? வேற எந்த வண்டியும் குலுங்கலயேன்னு யோசிச்சுத்தானே இதுல ஏறுனீங்க? அதான் சொன்னேனே, கெட்டிக்காரப் பசங்கன்னு. அங்க பள்ளமே கெடையாது. தண்ணி கூஜாவ வெச்சாலும் அலுங்காது, அப்படிப் போட்டிருக்கா ரோட்ட. ஓரத்துல கரை மாதிரி மண்ணு குவிச்சிருக்கில்ல, அதுல நான் எடது சக்கரத்த ஏத்தி எறக்குவேன். லோடோட இல்ல, காலி வண்டியில மட்டும், மெதுவா. வண்டி முறுக்கும், உங்க திரை செவக்கும், கிரேடர் வரும். நான் அடுத்த நட வரும்போது அவ எறங்கி நின்னு, இடுப்புல கை வெச்சுக்கிட்டு, கொட்டுன கடுகத் தேடற மாதிரி பள்ளத்தத் தேடிக்கிட்டிருப்பா. நிமுந்து பாக்க மாட்டா. நான் பாப்பேன். அர நிமிஷம் கெடைக்கும். இளைச்சிருக்காளா, தலைமுடி வெட்டிக்கிட்டாளா, எல்லாம் பாத்துக்குவேன். அவ்ளோதான் தம்பி சங்கதி. என் பேர எழுதிக்கோங்க, அவள விட்டுடுங்க.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? என்ன காகிதம் அது? அவ குடுத்த ரிப்போர்ட்டா? நான் ஓட்டிக்கிட்டிருக்கேன், நீங்களே படிங்க.

ஒரு சாண் பள்ளம், நெரப்பியாச்சு. அப்படியா எழுதியிருக்கா? எதுக்கு? இல்லாத பள்ளத்தையா? பாதிரியார்கிட்ட கூட பொய் சொல்ல வராதே அவளுக்கு. அடுத்தது? ஒன்றரைச் சாண். ஏழாவதுல?

முழங்கால் ஆழமா!

ஐயையோ, இந்தக் கழுதைக்கு அளவு கூடத் தெரியலயே. முழங்கால் ஆழம்னா டம்பரே சாஞ்சிருக்கும்ல. கடைசியில வேற ஏதோ எழுதியிருக்குன்னீங்களே, அது என்ன?

பள்ளம் மறுபடியும் வரும், தயாரா இருக்கேன்.

அந்த டீயக் கொஞ்சம் இங்க குடுங்க தம்பி. அப்புறம் கம்பியக் கெட்டியாப் புடிச்சுக்கோங்க, ஆறாம் வளைவு வருது.