கருவி தொடாத நாள்

ரிமோட்டில் பறக்கும் ரேடியோ ஹெலிகாப்டரைப் பழுது பார்ப்பதில் பாதி வேலை துடைப்பதுதான். கொல்கத்தா ராஜார்ஹாட் காலிமனைகளின் மணல் எல்லா பேரிங்கிலும் புகுந்துவிடும். எனக்கு அந்த வேலை பிடிக்கும். பெங்காலியில் எழுதினால் பிழை வரும் என்பதால் தமிழில் எழுதித் தருகிறேன். மொழிபெயர்க்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீனிவாசராகவன் என் அக்கா கல்பனாவின் கணவர். எனக்கு அத்திம்பேர். ஹெலிகாப்டர் அவருடையது. ஒவ்வொரு பிளேடும் என் கை நீளம் இருக்கும். அவர் பறக்கவிட்டு இடிப்பார், நான் சரி செய்வேன். கால் சென்டரில் பதினோரு மாதம் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு நின்றுவிட்டேன். இரண்டு வருடமாக நியூ டவுனில் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். அவர் முகம் சுளித்ததில்லை. நல்ல மனிதர்.

செப்டம்பர் தொடக்கத்தில் ஹெலிகாப்டர் தரையில் மோதியது. வால் குழாயையும் ஒரு கியரையும் மாற்றினேன். பிளேடுகள் பார்க்கப் புதிதாகவே இருந்தன. கார்பன் பிளேடு உள்ளே பிளந்தால் வெளியே தெரியாது. நாணயத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இடம் கணீரென்று கேட்கும். ஒரு பிளேடின் அடியில், விரல் நீளத்துக்கு, அட்டையைத் தட்டுவது போலக் கேட்டது. வேகமெடுத்தால் பிய்த்துக்கொண்டு போகும். புது ஜோடி அலமாரியில் இருந்தது. சாப்பிட்டுவிட்டு மாற்றலாம் என்று எழுந்தேன்.

சாப்பிடும்போது அத்திம்பேர் சொன்னார். "மது, உனக்கு வேலை பார்த்தாச்சு. என் ஃப்ரெண்டோட கம்பெனி. பதினெட்டாம் தேதி சேரணும்."

"என்ன வேலை?"

"நைட் ஷிஃப்ட்தான். பேரிங் துடைக்கறதுக்கு எவன்டா சம்பளம் குடுப்பான்?"

"அவனுக்கு ராத்திரி முழிச்சா ஒத்துக்காது, விடுங்கோ" என்றாள் அக்கா.

"அப்போ வேற இடம் பாத்துக்கட்டும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்தப் பதினோரு மாதத்தில் நான் பகலைப் பார்த்ததே இல்லை. திரும்பப் போக முடியாது என்று எனக்குத் தெரியும். கோபம் வரவில்லை. அறைக்குப் போய்ப் பழைய பிளேடுகளையே துடைத்து மாட்டினேன். ஒப்படைக்கும் முன் வழக்கமாக நானே இரண்டு நிமிடம் பறக்கவிட்டுப் பார்ப்பேன். அதைச் செய்யவில்லை.

மழை விட்டு வெளியே பறக்கவிட முடிந்தது பதினேழாம் தேதிதான். விஸ்வகர்மா பூஜை. கருவிகளைக் கழுவிப் பொட்டு வைத்தேன். அன்றைக்கு அவற்றைத் தொடக் கூடாது. காலிமனையில் அத்திம்பேர், "ஒரு தடவை பார்த்துடேன்" என்றார்.

"இன்னிக்குக் கருவி தொடப்படாது, அத்திம்பேர்."

"மத்த நாளெல்லாம் தொட்டுக் கிழிச்சுட்டியாக்கும்" என்று ரிமோட்டை எடுத்துக்கொண்டார்.

நான் பழக்கத்தை மீறவில்லை. இதுவரை கேட்டவர்களிடமெல்லாம் அதைத்தான் சொன்னேன். யாரும் மறுத்துப் பேசவில்லை.

ஹெலிகாப்டர் ஆள் உயரத்துக்கு எழும்பியதும் பிளேடு பிய்த்துக்கொண்டு பறந்தது. எந்தப் பக்கம் போகும் என்பது என் கையில் இல்லை. சத்தமும் பெரிதாக இல்லை. அவர் உட்கார்ந்தார், பிறகு படுத்தார். கழுத்தில் பட்டிருந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

நேற்று ஸ்டேஷனில் நீங்கள் ஒன்று கேட்டீர்கள். பிளேடு உடையும் என்று தெரியாதென்றால், அவர் சுவிட்சைத் தொடுவதற்கு முன் அக்காவின் கையைப் பிடித்துக் காருக்குப் பின்னால் ஏன் இழுத்துப் போனாய் என்று. எனக்குத் தெரியும். தெரிந்துதான் மாட்டினேன். அவர் சாக வேண்டும் என்றுதான் மாட்டினேன். அக்கா போனில் படம் எடுக்க அவர் பக்கத்திலேயே நின்றிருந்தாள். வர மாட்டேன் என்று கையை உதறினாள். நான் விடவில்லை.

இப்போது என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாளாம். அவளுக்கு ஒரு கெடுதலும் வந்துவிடக் கூடாது என்று நினைத்த ஒரே ஆள் அங்கே நான்தான். அதை அவளிடம் சொல்லுங்கள்.