முயல் கொடுத்த கோடு

ஒரகடத்தில் வாலாஜாபாத் பஸ் ஏறி, நிற்க இடம் கிடைத்ததே பெரிது என்றிருந்தேன். “முயல் ஜெயிச்சிடுச்சுடி!” என்று ஒரு குரல். லேப் கோட்டை மடித்து வைத்திருந்த பெண், கார் கம்பெனிச் சீருடையில் இருந்த தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இன்னாடி சொல்றே?”

“ஒரு சின்ன புரோட்டீனைக் கண்டுபுடிக்கிற ஆன்டிபாடி அந்த முயலோட ரத்தத்துல வரணும். எத்தினி ஊசி போட்டும் வரல, இந்த வாட்டியும் வரலேன்னா லேபையே மூடிடுவோம்னுட்டாங்க. இன்னிக்கு டெஸ்ட்ல கோடு வந்துடுச்சு!”

“எங்க லைன்ல கார் மேல கோடு வுழுந்தா ரிஜெக்ட்டு.”

“ஊசிக்கு முன்னாடி எடுத்த ரத்தத்துல கோடே இல்ல. அதனாலதான் நம்பினோம்.”

“அப்ப லேபை மூடல?”

“மூடல.”

“உனக்காக சூப்பர்வைசர்கிட்ட வேலை கேட்டு வெச்சேனே?”

“வேணாம்னு சொல்லிடுடி.”

தோழி அவள் தோளில் செல்லமாக அடித்தாள். “இன்னான்னு சொல்றது? முயலு வுடமாட்டேங்குதுன்னா?”